குளிர்ப் பிரதேச ஷிராஸை ருசித்து ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷிராஸ் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கறுத்து, கெட்டியாக, பழக்கூழ் மாதிரி நாக்கில் உட்கார்ந்துகொள்கிற ஒயின்தான். ஆஸ்திரேலியாவின் பரோசா, மெக்லாரன் வேல் போன்ற சூடான பகுதிகள் உலகத்துக்குக் காட்டிய முகம் அது. அதே திராட்சை குளிரான இடத்தில் வளர்ந்தால் மிளகு, பூ, புளிப்பு, மெல்லிய துவர்ப்பு என்று வேறு ஆளாகவே மாறிவிடுகிறது. எனக்கு இந்த இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. இதைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

எதைக் குளிர்ப் பிரதேச ஷிராஸ் என்கிறோம்?

சட்டத்தில் இதற்கு வரையறை கிடையாது. ஆஸ்திரேலிய லேபிளில் ஒரு பகுதியின் பெயர் போட்டால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அந்தப் பகுதியில் விளைந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ‘குளிர்’ என்ற வார்த்தையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் அந்த வார்த்தையை நம்பாமல் இடத்தைப் பாருங்கள். குளிர்ச்சி பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: கடல்மட்டத்திலிருந்து உயரம், துருவத்தை நோக்கிய தூரம், பக்கத்தில் இருக்கிற குளிர்ந்த கடல். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நியூ சவுத் வேல்ஸில் இருக்கிற ஆரஞ்ச் பகுதியின் எல்லையை உயரத்தை வைத்தே வரைந்திருக்கிறார்கள், 600 மீட்டருக்கு மேலே இருந்தால்தான் ஆரஞ்ச்.

குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. சர்க்கரை நிதானமாக ஏறுகிறது, புளிப்பு சீக்கிரம் கரைந்துபோவதில்லை, வாசனைப் பொருள்கள் தோலில் சேர நேரம் கிடைக்கிறது. அதனால்தான் சூடான பகுதி ஷிராஸில் ஆல்கஹால் 14.5, 15 சதவீதம் என்று சாதாரணமாக நிற்கும்போது இங்கே 13, 13.5 என்று பார்க்கிறோம்.

ஷிராஸ் வேறு, சிரா வேறா?

ஒரே திராட்சை, பிரான்ஸில் அதன் பெயர் சிரா. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கேரல் மெரிடித் குழுவும் பிரான்ஸின் மோன்பெலியே ஆய்வாளர்களும் சேர்ந்து 1998-இல் மரபணுவை வைத்து இதன் தாய் தகப்பனைக் கண்டுபிடித்தார்கள்: துரேசா என்ற கறுப்புத் திராட்சையும் மொந்தூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளைத் திராட்சையும். இரண்டுமே தென்கிழக்குப் பிரான்ஸைச் சேர்ந்தவை. ஈரானில் இருக்கிற ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்கிற கதை அதோடு முடிந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கொடித் துண்டுகளை 1832-இல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜேம்ஸ் பஸ்பி. இப்போது சில ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே லேபிளில் ‘சிரா’ என்று போடுகிறார்கள். ‘எங்களுடையது மெலிந்த, மிளகு மணக்கிற பாணி’ என்று சொல்லாமல் சொல்கிற வழி அது. பொதுவாக நம்பலாம், ஆனால் உத்தரவாதம் இல்லை.

எந்தெந்தப் பெயர்களைத் தேடுவது?

விக்டோரியாவில் கிராம்பியன்ஸ் (அதற்குள்ளே இருக்கிற கிரேட் வெஸ்டர்ன்), யாரா பள்ளத்தாக்கு, பீச்வொர்த், ஜீலாங். அப்புறம் கான்பெர்ரா பகுதி, தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் ஹில்ஸ், ஈடன் பள்ளத்தாக்கு, மேற்கே கிரேட் சதர்ன். டாஸ்மேனியாவையும் விடாதீர்கள். அங்கே ஷிராஸ் பழுக்கவே பழுக்காது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 2010 அறுவடையில் செய்த கிளெய்ட்சர்-டிக்சன் ‘மோன் பேர்’ ஷிராஸ் 2011-இல் மெல்பர்னின் ஜிம்மி வாட்சன் கோப்பையை வாங்கியது. அந்தக் கோப்பை இன்னும் பீப்பாய் வாசனை போகாத இளம் சிவப்பு ஒயின்களுக்குக் கொடுக்கிற பெரிய பரிசு.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே என்றால் நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே, முக்கியமாக அங்கே இருக்கிற கிம்ப்லெட் கிராவல்ஸ் கூழாங்கல் நிலம். அப்புறம் எல்லாவற்றுக்கும் மூத்த, பிரான்ஸின் வடக்கு ரோன் பகுதி: கோத்-ரோட்டி, எர்மித்தாஜ், கோர்னா, சாங்-ஜோசஃப், குரோஸ்-எர்மித்தாஜ். ஒப்பிடும் வரிசையில் ஒரு வடக்கு ரோன் பாட்டில் இருந்தால் மற்றவை எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அந்த மிளகு வாசனை நிஜமாகவே மிளகா, இல்லை சொல்லிச் சொல்லி நமக்கு வருகிற பிரமையா?

நிஜம்தான். ரொட்டண்டோன் என்ற பொருள் அது. ஷிராஸின் மிளகு மணத்துக்கு இதுதான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2008-இல் வெளியிட்டார்கள். கறுப்பு மிளகிலும் இதே பொருள் இருக்கிறது, அங்கே அளவு பல மடங்கு அதிகம். பெயர் வந்த வழி தமிழ் தெரிந்தவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கும்: முதலில் இதைப் பிரித்தெடுத்தது கோரைக்கிழங்கிலிருந்து, அந்தச் செடியின் தாவரவியல் பெயர் சைபரஸ் ரொட்டண்டஸ். அடுத்த முறை குளிர்ப் பிரதேச ஷிராஸில் மிளகுக்கு அடியில் லேசாக ஒரு மண்வாசனை வந்தால் கோரைக்கிழங்கை நினைத்துப் பாருங்கள்.

சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோகிராம், அதில் பதினாறு! பழத்தின் தோலில்தான் இது சேர்கிறது, பழுக்கிற கடைசிக் கட்டத்தில் கூடுகிறது, வெயில் நேராக விழுகிற கொத்தைவிட நிழலில் தொங்குகிற கொத்தில் அதிகம். ஒரே தோட்டத்துக்குள்ளேயே ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் அளவு பெரிதாக மாறுகிறது. கிராம்பியன்ஸில் இருக்கிற மவுன்ட் லாங்கி கிரான் தோட்டத்தில் இதை வருடக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு மட்டும் மிளகு வாசனை வரவே இல்லை, மூக்கில் கோளாறா?

கோளாறு இல்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் வாசனை தெரிவதே இல்லை, எவ்வளவு அதிகமாகக் கலந்து கொடுத்தாலும் தெரியாது. இது கூட்டாக ருசிக்கும்போது முக்கியமான விஷயம், ஏனென்றால் ஒரு மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு ஒயினைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்றால் அதில் ஒருவர் உண்மையிலேயே வேறு ஒயினைக் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லலாம். அவருக்கு அந்த ஒயின் பழமும் புளிப்பும் மட்டும் உள்ள சாதாரணச் சரக்காகத் தெரியும். அவர் சொல்வதும் சரியே. நான் யாரோடாவது முதன்முறை ருசிக்க உட்கார்ந்தால் முதலிலேயே நல்ல மிளகு மணக்கிற ஒரு பாட்டிலை ஊற்றி, யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று கேட்டு வைத்துக்கொள்வேன்.

ஒப்பிட எத்தனை பாட்டில் வேண்டும், எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நான்கு போதும், ஆறுக்கு மேல் வேண்டாம். ஆறுக்கு மேல் போனால் துவர்ப்பு நாக்கில் படிந்து, கடைசி இரண்டு பாட்டிலும் பாவம், நியாயம் கிடைக்காமல் போகும்.

எண்ணிக்கையைவிட முக்கியம் வரிசையை எப்படி அமைக்கிறீர்கள் என்பது. ஒரு சமயத்தில் ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கட்டும். வேறு வேறு பகுதி, வேறு வேறு வருடம், ஒன்று காம்போடு புளிக்கவைத்தது, ஒன்று புது ஓக் பீப்பாயில் ஊறியது என்று எல்லாவற்றையும் கலந்து வைத்தால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் தெரியும், ஆனால் எதனால் என்று தெரியாது. ஒரே வருடத்தில் நான்கு பகுதிகளை வைத்தால் இடம் பேசும். ஒரே தோட்டத்தின் நான்கு வருடங்களை வைத்தால் பருவம் பேசும். ஒரே பகுதி, ஒரே வருடம், நான்கு தயாரிப்பாளர்கள் என்றால் கைப்பக்குவம் பேசும். நான் முதலில் செய்யச் சொல்வது முதல் வகை, கிராம்பியன்ஸ், கான்பெர்ரா, அடிலெய்ட் ஹில்ஸ், யாரா என்று நான்கு. கூடவே ஒரு பரோசா பாட்டிலையும் ஐந்தாவதாக வையுங்கள், கடைசியில் ஊற்றுங்கள். பரோசா கெட்ட ஒயின் என்பதற்காக அல்ல, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குளிர் என்பது நாக்கில் என்ன செய்கிறது என்று பிடிபடும்.

இன்னொன்று, யாருக்கும் சொல்லாமல் ஒரே ஒயினை இரண்டு கிளாஸில் ஊற்றி வரிசையில் இரண்டு இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒருமுறை அப்படி வைத்தபோது, கனமான ஒயினுக்கு அடுத்து வந்த கிளாஸை ‘மெலிவு, தண்ணீர் மாதிரி’ என்றும், தொடக்கத்தில் வந்த அதே ஒயினை ‘நேர்த்தி, அழகான புளிப்பு’ என்றும் மேசையில் முக்கால்வாசிப் பேர் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து நான் வரிசையை ஒருமுறை முன்னாலிருந்தும் ஒருமுறை பின்னாலிருந்தும் ருசிக்காமல் எதுவும் சொல்வதில்லை.

எவ்வளவு குளிர்ச்சியில் ஊற்றுவது? தனிக் கிளாஸ் வேண்டுமா?

15, 16 டிகிரி. ‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கணும்’ என்பது குளிரான பழைய வீடுகளில் பிறந்த பேச்சு. 23, 24 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், மிளகும் பூவும் காணாமல் போகும். ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் போதும், கிளாஸில் தானே சூடேறிக்கொள்ளும். கிளாஸ் எதுவாக இருந்தாலும் சரி, எல்லா ஒயினுக்கும் ஒரே வடிவம் இருக்க வேண்டும், வாய் கொஞ்சம் குறுகியிருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது.

பெயரை மறைத்துத்தான் ருசிக்க வேண்டுமா?

ஆமாம். லேபிள் தெரிந்தால் நாக்கு லேபிளைத்தான் ருசிக்கும். பழுப்புக் காகிதப் பையில் பாட்டிலைப் போட்டு எண் எழுதுங்கள், கழுத்திலிருக்கிற உறையையும் உரித்துவிடுங்கள். ஆனால் என்னென்ன பகுதிகள் மேசையில் இருக்கின்றன என்று எல்லோருக்கும் சொல்லிவிடலாம். எது எது என்று மட்டும் மறைத்தால் போதும். முழு இருட்டில் ருசித்தால் கற்றுக்கொள்வது குறைவு.

கிளாஸில் எதைத்தான் கவனிப்பது?

முதலில் ஆட்டாமல் முகர்ந்து பாருங்கள். மெல்லிய வாசனைகள், செம்பருத்தி மாதிரி இல்லாமல் ஊதாப்பூ, ரோஜா பக்கம் போகிற பூவாசனை, அப்போதுதான் மேலே மிதந்துகொண்டிருக்கும். அப்புறம் சுழற்றிவிட்டு மறுபடி. மிளகு இடித்த உரல் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறதா, முழு மிளகு டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கிறதா? இரண்டும் வேறு. பழம் சிவப்பா, நீலமா, கறுப்பா? குளிர் அதிகமானால் சிவப்புப் பழத்தின் பக்கம் போகும், கொஞ்சம் சூடு கூடினால் நாவல்பழம் மாதிரி கறுத்த பக்கம் வரும், இன்னும் கூடினால் பழம் காய்ந்த திராட்சையாகிவிடும்.

வாயில் வைத்ததும் வாசனையை மறந்துவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் கேளுங்கள். புளிப்பு எங்கே ஊறுகிறது, எவ்வளவு நேரம் ஊறுகிறது? துவர்ப்பு ஈறில் பிடிக்கிறதா, நாக்கின் நடுவில் தூள் மாதிரி படிகிறதா, கன்னத்தின் உட்பக்கம் இழுக்கிறதா? விழுங்கியபின், அல்லது துப்பியபின், தொண்டையில் சூடு நிற்கிறதா? இந்த விஷயத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி, அறுசுவையில் துவர்ப்புக்கு என்று தனி இடமே கொடுத்து வைத்திருக்கிற மொழி இது. டானின் என்ற சொல்லைத் தேடி அலைய வேண்டாம். நல்ல குளிர்ப் பிரதேச ஷிராஸில் துவர்ப்பு மெல்லிய பருத்தித் துணியை நாக்கில் இழுத்த மாதிரி இருக்கும், சணல் மாதிரி இருக்காது.

ஒரு கிளாஸைப் பற்றிச் சொல்கிறேன். கிரேட் வெஸ்டர்ன் ஷிராஸ் ஒன்று, திறந்ததும் தீக்குச்சி உரசிய வாசனை மட்டும்தான், பழமும் இல்லை மிளகும் இல்லை. நான்கு ஒயினில் கடைசி என்று எல்லோரும் ஓரமாக நகர்த்தி வைத்தோம். நாற்பது நிமிடம் கழித்து அந்தக் கிளாஸை எடுத்தால் தீக்குச்சி போய்விட்டது, அம்மியில் அப்போதே நுணுக்கிய மிளகும் அதற்குப் பின்னால் புளிப்பான சிவப்புப் பழமும் வந்து நின்றன. இன்னும் இருபது நிமிடத்தில் வரிசையிலேயே அதுதான் முதல். கிளாஸை அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

‘காம்போடு புளிக்கவைத்தது’ என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வழக்கமாகத் திராட்சையைக் காம்பிலிருந்து உதிர்த்துத்தான் தொட்டியில் போடுவார்கள். சிலர் கொத்தைக் கொத்தாகவே, பத்து சதவீதமோ முழுவதுமோ, போடுகிறார்கள். மணத்தில் தேயிலை, காய்ந்த தண்டு, ரோஜா இதழ், ஒரு மசாலாத் தன்மை வரும். துவர்ப்புக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும். நிறம் கொஞ்சம் வெளுக்கும், காம்பிலிருக்கிற பொட்டாசியம் புளிப்பைச் சற்றே தணிக்கும். காம்பு நன்றாகப் பழுக்காமல் பச்சையாக இருந்திருந்தால் கைப்பு நாக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: காம்பு தருகிற மசாலா மணத்தையும் ரொட்டண்டோனின் மிளகையும் குழப்பிக்கொள்வது ரொம்ப சுலபம். மிளகு கூர்மையாக, உலர்ந்து வரும். காம்பு பசுமையாக, கொஞ்சம் ஈரமாக வரும்.

வெள்ளைத் திராட்சை வியோனியேவை எதற்குச் சேர்க்கிறார்கள்?

கோத்-ரோட்டியின் பழைய வழக்கம் அது, அங்கே 20 சதவீதம் வரை அனுமதி உண்டு, பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே சேர்ப்பார்கள். கான்பெர்ராவின் கிளோனகில்லா தோட்டத்து டிம் கர்க் 1991-இல் அங்கே போய் கிகால் நிறுவனத்தின் ஒயின்களைப் பீப்பாயிலிருந்து ருசித்துவிட்டு வந்து, 1992-இல் முதல் ஷிராஸ் வியோனியேவைச் செய்தார். ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய அலையைக் கிளப்பிய பாட்டில் அது. இரண்டையும் சேர்த்தே புளிக்கவைத்தால், வெள்ளைத் திராட்சை கலந்தும் நிறம் வெளுக்காமல் இன்னும் பளிச்சென்று நிற்கும். ஆனால் அளவு மீறினால் பாதாமி வாசனை ஷிராஸின் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு வியோனியே இருப்பது தெரியாமல் இருந்தால்தான் பிடிக்கும்.

எது குறை, எது குணம்?

தீக்குச்சி, லேசான கந்தக வாசனை பெரும்பாலும் காற்றுப் பட்டால் போய்விடும். அழுகிய முட்டை வாசனையாக நிலைத்தால் குறை. சந்தேகமாக இருந்தால் ஒரு கிளாஸில் சுத்தமான செப்புத் துண்டைப் போட்டு ஆட்டி முகர்ந்து பாருங்கள், வாசனை போனால் காரணம் கந்தகம்தான். அந்தக் கிளாஸைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குதிரை லாயம், மருந்துப் பட்டி வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. பழைய ரோன் ஒயின்களில் அதைக் குணம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை, அது ஏறினால் எல்லா ஊர் ஒயினும் ஒரே ஊர் ஒயினாகிவிடுகிறது, ஒப்பிடுவதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

தைல வாசனை வந்தால் பயப்படாதீர்கள். அது பக்கத்திலிருக்கிற யூகலிப்டஸ் மரங்களிலிருந்து வருவது, மரங்களை ஒட்டிய வரிசைகளில்தான் அதிகம், அறுவடையின்போது இலைகள் கொத்தோடு சேர்ந்து விழுந்தால் இன்னும் கூடும். மத்திய, மேற்கு விக்டோரியாவில் அடிக்கடி பார்க்கலாம். கொஞ்சம் இருந்தால் புத்துணர்ச்சி, நிறைய இருந்தால் தலைவலித் தைலம்.

காட்டுத்தீப் புகை வேறு கதை. சாம்பல் தட்டு வாசனை முதலில் தெரியாது, வாயில் வைத்தபின் கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஏனென்றால் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிற புகைப் பொருள்கள் எச்சிலில் பிரிகின்றன. 2020-இல் கான்பெர்ரா பகுதியில் பலர் சிவப்பு ஒயின் போடவே இல்லை.

வருடம் அவ்வளவு முக்கியமா?

சூடான பகுதியைவிட இங்கே ரொம்ப முக்கியம், ஏனென்றால் பழம் பழுப்பதே விளிம்பில் நடக்கிற காரியம். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் 2011 குளிரும் மழையுமாகப் போனது, நிறையப் பேர் அந்த வருடத்தையே தள்ளிவைத்தார்கள். ஆனால் கிரேட் வெஸ்டர்னின் பெஸ்ட்ஸ் நிறுவனம் அதே 2011 அறுவடையில் செய்த ‘பின் நம்பர் 1’ ஷிராஸ்தான் 2012-இல் ஜிம்மி வாட்சன் கோப்பையை வாங்கியது. குளிரான வருடத்தில் மிளகு கூடும், சதை குறையும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ‘நல்ல வருடம்’ என்கிற பட்டியல்களை இந்த ஒயின் விஷயத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மதிப்பெண் போடலாமா?

போடலாம், ஆனால் கடைசியில். ஆஸ்திரேலியப் போட்டிகளில் நூற்றுக்கு 95 முதல் தங்கம், 90 முதல் வெள்ளி, 85 முதல் வெண்கலம். நடுவர்கள் ஒரு நாளில் ஏராளமான கிளாஸ்களைத் தாண்டிப் போகிறார்கள், அந்த வேகத்தில் சத்தமாகப் பேசுகிற ஒயின் முதலில் காதில் விழும். நமக்கு அந்த அவசரம் இல்லை. நான் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரி எழுதுவேன்: ‘இன்னொரு கிளாஸ் வேண்டும்’ அல்லது ‘இதோடு போதும்’. நான்கு பேர் எழுதியதைச் சேர்த்துப் பார்த்தால் எண்களைவிட இது நேர்மையாக இருக்கிறது.

எவ்வளவு வருடம் வைத்திருக்கலாம்?

சாதாரணப் பாட்டில் ஐந்து, ஆறு வருடம். நல்ல தோட்டத்துப் பாட்டில் பத்து, பதினைந்தைத் தாண்டும், புளிப்புதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. வயதானால் பழம் பின்னால் போய் தோல், ஈரமண், காய்ந்த இலை வரும். மிளகு சீக்கிரம் அழிவதில்லை, மற்ற வாசனைகள் அடங்க அடங்க அது இன்னும் தனியாகத் தெரிவதும் உண்டு. திருகு மூடி போட்டதைப் பார்த்து மட்டமாக நினைக்காதீர்கள், ஆஸ்திரேலியாவில் உயர்ந்த ஷிராஸ்களுக்கும் அதுதான்.

மீந்துபோனதை என்ன செய்வது?

மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் அதே வரிசையில் ஊற்றுங்கள். முதல் நாள் எழுதியதைப் பார்க்காமல் எழுதுங்கள். புது ஓக் வாசனையால் முதல் நாள் மயக்கியது மறுநாள் வெறும் வெனிலாவாகக் கிடக்கும், வாயைத் திறக்காமல் இருந்தது ஒன்று மெதுவாகப் பேச ஆரம்பித்திருக்கும். எனக்கு இரண்டாம் நாளும் முதலிடத்தில் நிற்கிற பாட்டில் எதுவோ, அடுத்த வருட அறுவடையில் அந்தத் தோட்டத்தைத்தான் முதலில் வாங்குவேன்.